திருகாணியின் சரித்திரம் – 7: சதுரமும் சிலுவையும்

சென்ற அத்தியாயத்தில் மரையின் விருத்தாந்தத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு பட்டறையும் தன் மனம் போனபடி மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோஸப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தையும், 1864-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் ஸெல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தையும் பிரமாணமாக நிறுவப் பாடுபட்டதையும், அதன் பயனாக ஓர் ஊரில் செய்த நட்டு மற்றோர் ஊரில் செய்த போல்ட்டில் ஏறத் தொடங்கியதையும் விவரித்தோம். மரைக்கு ஓர் ஒழுங்கு பிறந்துவிட்டது. ஆயின் அதே திருகாணியின் தலைக்கு இன்றுவரை அப்படியோர் ஒழுங்கு பிறக்கவில்லை என்பதை, ஒரு மின்விசிறியையோ மிக்ஸியையோ பிரிக்க உட்கார்ந்து, கையிலிருக்கும் திருப்புளி எந்தத் தலையிலும் பொருந்தாமல் திண்டாடிய எவரும் அறிவர். இந்த அத்தியாயம் அந்தத் தலையின் கதை.

தலையைப் பற்றிப் பேசப் புகுமுன் இரண்டு சங்கதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தலையின் புறவடிவம். மற்றொன்று, திருப்புளி உட்காருவதற்காக அதன் உச்சியில் செய்யப்பட்ட பள்ளம். புறவடிவத்தை நிர்ணயிப்பது ஆணி இறங்கும் பொருள். கதவுக் கீலில் முடுக்கும் ஆணி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் கதவு சாத்தாதாகையால், அடியில் கூம்பாகச் சரிந்து மேலே தட்டையாக முடியும் தலை அதற்கு வேண்டும். இரும்புக் கடைகளில் சி.எஸ்.கே. என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். தகட்டை மரத்தோடு சேர்த்து இறுக்க அடிப்பாகம் தட்டையான உருண்டைத் தலை உதவும். யந்திர பாகங்களுக்குச் செங்குத்தான விளிம்புள்ள உருளைத் தலை உதவும். இவற்றுள் எதை எங்கே உபயோகிப்பது என்பதில் தொழிலாளிகளிடையே பெரிய அபிப்பிராய பேதம் எக்காலத்திலும் இருந்ததில்லை. வழக்கும் வல்லடியும், கோடிக்கணக்கான பணமும், இரண்டு மனிதர்களின் வாழ்க்கையும் சம்பந்தப்பட்டது அந்தச் சிறு பள்ளத்தில்தான்.

ஆதியில் இருந்தது ஒற்றைக் காடி. ஜெர்மனியில் வோல்ஃபெக் கோட்டையில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்ட, 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த சுவடி ஒன்றில் மரை வெட்டும் கடைசல் யந்திரத்தின் சித்திரம் காணப்படுகிறது. ஏறத்தாழ அக்காலம் முதற்கொண்டே போர்வீரர்களின் கவசங்களிலும், பின்னர் துப்பாக்கிகளின் விசைப் பொறியிலும், தலையில் ஒரே கோடாகக் காடி அறுத்த திருகாணிகள் இடம் பெற்றன. இந்தக் காடியின் குணம் அதன் எளிமை. வாள் ஒன்று கையில் இருந்தால் எந்தக் கொல்லனும் அதை அறுத்துவிடலாம். அதற்கேற்ற திருப்புளியையும், ஒரு கம்பியின் நுனியைத் தட்டிச் சப்பையாக்கி, அவனே செய்துகொள்ளலாம். பழைய பெயிண்ட் அடைத்துக்கொண்டால் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடலாம். அவசரத்துக்கு ஒரு நாணயத்தால்கூடத் திருப்பலாம். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரே காடி உலகத்து வேலைகளையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றதற்கு இதுவே காரணம்.

அதன் குற்றமும் அந்த எளிமையிலிருந்தே பிறந்தது. காடியின் இரு முனைகளும் திறந்திருப்பதால் திருப்புளியின் அலகு பக்கவாட்டில் நழுவி ஓடுவதைத் தடுக்க யாதொரு சுவரும் இல்லை. திருகாணியின் மையமும் திருப்புளியின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றனவா என்பதைக் கண்ணும் கையுமே ஒவ்வொரு கணமும் கவனித்துக்கொள்ள வேண்டும்; கவனம் சற்றே பிசகினால் அலகு நழுவிப் பலகையைக் கீறும், அல்லது ஆணியைப் பிடித்திருக்கும் இடது கையைக் கிழிக்கும். நிதானமாக வேலை செய்யும் ஆசாரிக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடிய தொல்லை. வரிசை வரிசையாகச் சாமான்கள் நகர்ந்து செல்லும் தொழிற்சாலையில், விசையால் சுழலும் திருப்புளியை ஏந்தி, மணிக்கணக்கில் ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளிக்கோ இது பெரிய இடையூறாயிற்று.

ஆகவே, நான்கு பக்கமும் சுவருள்ள குழி ஒன்றைத் தலையில் அமைத்தால் அலகு ஓடாது என்ற எண்ணம் பலருக்கு உதித்தது வியப்பன்று. 1875-ஆம் ஆண்டிலேயே ஆலன் கம்மிங்ஸ் என்ற அமெரிக்கர் அத்தகைய குழிக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தார். ஆனால் எண்ணம் வேறு, அதை இரும்பில் நிறைவேற்றுவது வேறு. காடியை அறுத்துவிடலாம், குழியை அறுக்க முடியாது. சூடேற்றாத கம்பியின் நுனியில் எஃகுப் பஞ்ச்சை ஓங்கி அறைந்துதான் குழி உண்டாக்க வேண்டும். அப்படி அறையும்போது தலை விரிசல் கண்டது, அல்லது தலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கழுத்து பலவீனப்பட்டு, முடுக்கும்போது முறிந்தது. காகிதத்தில் அழகாகத் தோன்றிய குழிகள் பட்டறைக்கு வந்தவுடன் இவ்வாறு தோல்வியுற்றன.

இந்த நிலையில்தான் பீட்டர் லிம்பர்னர் ராபர்ட்ஸன் என்ற கனடியர் நம் சரித்திரத்தில் பிரவேசிக்கிறார். 1879-இல் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்த இவர், பிலடெல்பியாவிலிருந்த கருவிக் கம்பெனி ஒன்றின் விற்பனையாளராகக் கிழக்குக் கனடாவின் சந்தைகளிலும் தெருமுனைகளிலும் நின்று, கூட்டம் சேர்த்து, கருவிகளின் பெருமையை உரக்க எடுத்துரைத்து விற்றுவந்தார். ஓய்வு நேரத்தில் புதிது புதிதாக ஏதேனும் செய்துபார்ப்பது அவர் சுபாவம். புதுவிதமான தக்கைத் திருகியும் சட்டைக் கைப் பொத்தானும், ஏன், எலிப்பொறியும்கூட அவர் கைவண்ணத்தில் உருவாயின. 1906-இல் மாண்ட்ரியால் நகரத் தெருவில் சுருள்வில் பொருத்திய திருப்புளி ஒன்றின் சாமர்த்தியத்தை ஜனங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அலகு காடியிலிருந்து நழுவி அவர் கையைக் கிழித்துவிட்டது. காயம் ஆறுவதற்குள் சதுரக் குழியைப் பற்றிய சிந்தனை அவருக்கு உண்டாகிவிட்டது என்று கூறுவர்.

சதுரம் அவருடைய கண்டுபிடிப்பன்று. அந்தச் சதுரத்தை உடையாமல் அடிக்கும் வழியே அவருடைய கண்டுபிடிப்பு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குழியின் வாய் விளிம்பைச் சிறிது சரித்துவிட்டார். நான்கு சுவர்களையும் நேர் செங்குத்தாக நிறுத்தாமல், உள்ளே போகப்போக மிக இலேசாகக் குறுகும்படி செய்தார். குழியின் அடியைத் தட்டையாக விடாமல் கூரிய நாற்கோணக் கூம்பாக முடித்தார். இந்த உருவமுள்ள பஞ்ச் தலையில் இறங்கும்போது, உலோகம் அதன் நுனிக்கு முன்னால் கெட்டியாக நெருக்குண்டு கழுத்தை உடைக்காமல், கூம்பின் சரிவுகளால் பக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டுச் சுவர்களிலே சேர்ந்துகொண்டது. தலையிலிருந்து ஒரு துளி இரும்பும் வெட்டி எறியப்படவில்லை. தலை பலமும் இழக்கவில்லை. அதே இலேசான குறுகலினால் மற்றொரு நன்மையும் எதிர்பாராமல் வாய்த்தது. திருப்புளியின் சதுர நுனியில் ஆணியைச் செருகினால், அது விழாமல் கவ்விக்கொண்டு நிற்கும். ஏணியின்மேல் நின்று ஒரு கையால் எதையாவது பற்றியிருப்பவன், மற்றொரு கையாலேயே ஆணியை இடத்தில் வைத்து முடுக்கிவிடலாம்.

மில்டன் என்னும் சிற்றூரார் கொடுத்த கடனையும் சலுகைகளையும் கொண்டு 1908-இல் அங்கே தொழிற்சாலை கட்டினார் ராபர்ட்ஸன். 1909-இல் கனடியப் பேட்டண்டும் கிடைத்தது. படகு கட்டுவோர் முதலில் ஆதரித்தனர். பின்னர், மரச்சட்டங்களால் உடலமைத்த ஃபோர்டு கார்களைக் கனடாவில் செய்துவந்த விண்ட்ஸர் தொழிற்சாலை அந்த ஆணியை மேற்கொண்டது. மாடல் டி என்ற அந்தக் கார் ஒவ்வொன்றிலும் எழுநூறுக்கு மேற்பட்ட ராபர்ட்ஸன் ஆணிகள் இருந்தன. அவற்றால் காருக்கு ஏறத்தாழ 2.60 டாலர் மிச்சமாயிற்று. ஒரு டாலருக்கு அன்று இருந்த மதிப்பையும், ஆண்டுதோறும் உருண்டு வெளிவந்த கார்களின் எண்ணிக்கையையும் நினைத்தால், அந்தத் தொகை அற்பமன்று என்பது விளங்கும்.

இந்த மிச்சத்தைக் கண்ட ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவிலும் இதே ஆணியை உபயோகிக்க விரும்பினார். ஆனால், தம் தொழிலின் உயிர்நாடியான ஒரு சாமானை எங்கோ இருக்கும் தனி ஒருவருடைய தயவில் விட்டுவைக்க மனமின்றி, அதைச் செய்யும் உரிமையில் தமக்கும் ஒரு கை வேண்டுமென்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ராபர்ட்ஸன் இணங்கவில்லை. அவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. முதல் உலக யுத்தத்துக்கு முன்பே இங்கிலாந்தில் பிறர் கையில் உரிமையை ஒப்படைத்துப் பார்த்தார். அந்த ஏற்பாடு நஷ்டத்திலும் கம்பெனியைக் கலைப்பதிலும் முடிந்து, தம் உரிமையைத் தாமே விலை கொடுத்து மீட்கும்படி நேரிட்டது. ஒருமுறை சூடு கண்ட பூனையாகிவிட்ட அவர், இனித் தம் ஆணியைத் தம் கூரையின் கீழ் மட்டுமே செய்வது என்று உறுதி பூண்டார். 1951-இல் காலமாகும்வரை அவர் நன்றாகவே வாழ்ந்தார். அவருடைய சதுரம் மட்டும் பெரும்பாலும் கனடாவின் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவர் திறக்க மறுத்த கதவின் வழியே இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மற்றொருவர் நுழைந்தார். ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரத்து வியாபாரியான ஹென்றி பிலிப்ஸ் கைத்தொழில் நிபுணருமல்லர், உலோக சாஸ்திரியுமல்லர். அவ்வூரைச் சேர்ந்த ஜான் தாம்ப்ஸன் என்பவர் சிலுவை வடிவக் குழியொன்றை உருவாக்கி, அதை வாங்குவாரின்றி வருந்திக்கொண்டிருந்தார். பிலிப்ஸ் அந்த உரிமையை வாங்கித் திருத்தங்கள் செய்து, 1930-களின் மத்தியில் தம் பெயரால் ஒரு கம்பெனியும் ஸ்தாபித்தார். அந்தக் கம்பெனி ஓர் ஆணியும் செய்யவில்லை. பிறரைச் செய்ய அனுமதித்து உரிமைத் தொகை பெறுவதே அதன் தொழில். வாசல் தோறும் ஏறி இறங்கிய பிலிப்ஸுக்கு, இப்படியொரு குழியை அடித்தால் தலை உடைந்துவிடும் என்ற பழைய பதிலே எங்கும் கிடைத்தது. இறுதியில் ராட் ஐலண்டு மாகாணத்துப் பிராவிடன்ஸ் நகரிலிருந்த அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியின் தலைவர் யூஜீன் கிளார்க் அதில் நம்பிக்கை வைத்தார். முடியாது என்று தம் நிபுணர்களும் சாதித்தபோது, அப்படிச் சொல்பவர்களையெல்லாம் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக எச்சரித்து, அவர் அந்தக் காரியத்தை முடித்துக்கொண்டார் என்பர். ஐந்து லட்சம் டாலர் அளவில் அவர் கம்பெனி அதற்குச் செலவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் காடிலாக் கார்களில் 1936-இல் அதைப் பரீட்சித்தது. அதன்பின் ஆணி செய்யும் மற்றக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக உரிமை பெற்றுச் செய்யத் தொடங்கின. கார்களையும் ரயில் வண்டிகளையும், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆகாய விமானங்களையும் அந்தச் சிலுவை பற்றிக்கொண்டது. நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் 'ஸ்டார்' என்று கேட்டு வாங்கும் திருப்புளி அதற்கேற்றதே.

நிற்க. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். சதுரக் குழியின் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால், எவ்வளவு முறுக்கினாலும் திருப்புளி மேலெழ வழியில்லை. கையால் அழுத்தவும் வேண்டுவதில்லை. சிலுவைக் குழியின் சுவர்களோ அடியை நோக்கித் தெளிவாகச் சரிந்திருக்கின்றன. அந்தச் சரிவினால், திருப்புளியின் அலகான பிட்டின் கூரிய முனை குழிக்கு மேலே எங்கே தொட்டாலும் தானாகவே வழுக்கி மையத்தில் போய் உட்காருகிறது; வேகமாக நகரும் தொழிற்சாலை வரிசையில், கண் பார்க்குமுன்பே கை முடுக்கிவிட வேண்டிய தொழிலாளிக்கு இது பெரிய உபகாரம். ஆனால் உள்ளே வழுக்கிச் செல்ல உதவிய அதே சரிவு, முறுக்கு விசை மிகும்போது பிட்டை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகிறது. அப்படி வெளியேறும்போது சிலுவையின் மூலைகளை மழுக்கிவிட்டும் போகிறது. இது, ஆணியை அளவுக்கு மேல் முடுக்கிவிடாமலிருக்கப் பிலிப்ஸ் வேண்டுமென்றே வகுத்த தந்திரம் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அவருடைய மூலப் பேட்டண்டுகளில் அப்படியொரு பேச்சு இல்லை. 1949-இல் வெளிவந்த சீர்திருத்தப் பேட்டண்ட் ஒன்றில்தான் அந்தக் குணம் ஒரு நன்மையாக எடுத்துரைக்கப்படுகிறது.

வழுக்கி மேலெழும் இந்தத் தோஷத்தை நீக்கவே 1960-களில் போஸிடிரைவ் என்ற சிலுவை இங்கிலாந்தின் ஜி.கே.என். கம்பெனி மூலம் பரவிற்று. பிலிப்ஸின் சிலுவையைப்போலவே தோன்றினும், இதன் சுவர்கள் நேரானவை. பெரிய சிலுவையின் கைகளுக்கு நடுவே, 45 பாகையில், தலைமேல் மெல்லிய நான்கு கோடுகள் கீறியிருப்பதே அடையாளம். ஜப்பானியரும் தம் நாட்டுப் பிரமாணத்தின்படி வேறொரு சிலுவையை அமைத்துக்கொண்டனர். பிலிப்ஸ் திருப்புளியின் முனை அதன் அடியில் முட்டிக்கொண்டு, கைகள் சுவரில் முற்றும் படியாமலே நின்றுவிடும். பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைப் பிரிக்கும் மெக்கானிக், ஆணியின் தலை நசுங்கிவிட்டதே என்று இரும்பின் தரத்தைப் பழிக்கிறார். பெரும்பாலும் குற்றம் இரும்பில் இல்லை, பொருந்தாத பிட்டில் இருக்கிறது. அந்த ஆணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைக் கண்டால் திருப்புளியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் அறுகோணக் குழியின் கதை தனி. தொழிற்சாலைகளில் கூரையோரமாகச் சுழலும் தண்டுகளில் சக்கரங்களை நிறுத்தியிருந்த ஆணிகளின் தலை வெளியே துருத்திக்கொண்டு, தொழிலாளிகளின் உடையைப் பற்றி இழுத்துக் கோர விபத்துகளை விளைத்துவந்தது. தலையே இல்லாமல், தண்டின் மட்டத்துக்குள் அடங்கி, அறுகோணச் சாவியால் உள்ளிருந்தே முடுக்கத்தக்க ஆணியை ஹார்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் ஆலன் கொண்டுவந்து 1910-இல் பேட்டண்ட் பெற்றார். இன்று சைக்கிளிலும், கட்டில் மேசைகளிலும் நாம் காணும் ஆலன் கீயின் பூர்வோத்தரம் இதுவே. எனினும் அறுகோணத்தின் மூலைகள் விரிந்த கோணமுடையவையாதலின், விசையின் ஒரு பங்கு சுழற்றுவதில் செலவாகாமல் சுவரை வெளிப்புறம் நெருக்குவதில் வீணாகிறது. காலப்போக்கில் மூலைகள் உருண்டுவிடுகின்றன. 1967-இல் அமெரிக்காவின் காம்கார் டெக்ஸ்ட்ரான் கம்பெனி கொண்டுவந்த டார்க்ஸ், மூலைகளுக்குப் பதிலாக ஆறு வளைந்த இதழ்களை அமைத்து இந்த விரயத்தைப் பெரும்பாலும் நீக்கிற்று. அதில் பிட் மேலெழுவதுமில்லை; குழி எளிதில் உருள்வதுமில்லை. பிடிமானம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் நம் வரிசையில் அதற்கே முதலிடம் தர வேண்டும்.

இதுவரை சொன்ன தலைகளெல்லாம் எளிதில் முடுக்கவும் கழற்றவும் வேண்டுமென்ற நோக்கத்தால் பிறந்தவை. ஆப்பிள் கம்பெனி 2009 முதல் தன் கணினிகளிலும், பின்னர் கைப்பேசிகளிலும் வைத்த ஐந்திதழ்க் குழி அந்த வமிசத்தைச் சேர்ந்ததன்று. வாங்கினவர் தாமாகத் திறந்து பார்க்க முடியாமற் போனதே அதனால் விளைந்த பயன். சில காலத்துக்குள்ளேயே அதற்குரிய திருப்புளிகளும் கடைகளில் கிடைத்துவிட்டமையால் அந்தத் தடையும் பெயரளவில் நின்றது.

இந்த அத்தியாயத்தின் முடிவாக ஒன்று சொல்லலாம். சிறந்த தலை எது என்ற கேள்விக்கு யந்திர சாஸ்திரம் ஒரு விடை தந்தது; உலகம் வேறொரு விடையை எடுத்துக்கொண்டது. ராபர்ட்ஸனுடைய சதுரம் பிலிப்ஸுடைய சிலுவையைவிடக் குறைந்ததன்று. பல வகையில் மேலானது. ஒருவர் தம் பொருளைத் தம் கையிலேயே வைத்துக் காத்தார், அது ஒரு நாட்டின் வழக்கமாக நின்றது. மற்றொருவர் கேட்டவர்க்கெல்லாம் உரிமை கொடுத்தார், அது உலக வழக்கமாயிற்று. கனடாவின் தச்சர்கள் இன்றும் மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் அளவு குறித்த சதுரத் திருப்புளிகளைத் தேடி வாங்குகிறார்கள். ஒரு பொருளின் தகுதியும் அது பரவும் தகுதியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சிறிய சாட்சியும் இல்லை, தெளிவான சாட்சியும் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சாமானைப் பிரிக்க உட்கார்ந்தாலும், திருப்புளியை எடுக்குமுன் தலையை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். வெறுஞ்சிலுவையா, நடுவே கோடுகள் உண்டா, புள்ளி உண்டா என்று தெரிந்துகொண்டு அதற்குரிய பிட்டை, அதற்குரிய அளவில் பொருத்துங்கள். சாதாரண வீட்டுச் சாமான்களின் சிலுவைக்குப் பெரும்பாலும் இரண்டாம் எண் பிட்டே போதும். அது குழியில் ஆடாமல் நின்ற பிறகே, அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். தலை ஒருமுறை மழுங்கிவிட்டால் அதைக் கழற்றுவது ராபர்ட்ஸனாலும் ஆகாது, பிலிப்ஸாலும் ஆகாது.

(தொடரும்)